எறாத் தலையும் இரும்பு மாத்திரையும்

ராஜா,

கடிதம் என்றால் 'அன்புள்ள' என்று ஆரம்பிக்க வேண்டும் என்றுதான் கான்வென்ட்டில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்றைக்கு அந்த வார்த்தை எனக்குக் கைக்கு வரவில்லை. அதனால் உன் பேரை மட்டும் எழுதியிருக்கிறேன். நீ என் போனைக் கட் பண்ணி இரண்டு நாளாகிறது. அன்று மதியத்திலிருந்து நான் ஆஸ்பத்திரியில் உன் பெண்டாட்டியின் கட்டில் பக்கத்தில், ஒரு கால் ஆடுகிற ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். அமலா இப்போதுதான் கண்ணசந்தாள். கையில் ஊசி குத்தி, மேலே பாட்டில் மாட்டியிருக்கிறார்கள். பாட்டிலில் இருக்கிற மருந்து என்ன நிறம் என்று உனக்குத் தெரிய வேண்டும். கடுங்காப்பி நிறம். அது இரும்புச்சத்து மருந்து. வாய் வழியாகப் போக வேண்டியதை நீ போக விடவில்லை. அதனால் இப்போது நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். நீ எந்த நிறத்தைப் பார்த்து இத்தனை மாதம் பயந்தாயோ, அதே நிறம் சொட்டுச் சொட்டாக அவள் உடம்புக்குள் போய்க்கொண்டிருக்கிறது. நான் ஒவ்வொரு சொட்டையும் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

போனில் பேசினால் நீ மறுபடி கட் பண்ணுவாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாது. கிழிக்கலாம், ஆனால் கிழிப்பதற்கு முன்னால் படிக்காமல் இருக்க உன்னால் முடியாது; உன்னை எனக்குத் தெரியும். படித்து முடித்ததும் உன் தோஸ்துகளுக்கும் காட்டு. உனக்கு 'கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டிய கருப்பு உணவுகள்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினானே ஒரு மேதாவி, அவனுக்கு முதலில் காட்டு. இதில் மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் வளைகாப்பு முடிந்தது. அவளுக்கு அம்மா இல்லாததால் பிரசவம் நம் வீட்டில்தான் என்று முன்னமே பேசியதுபடி, அவளை என்னிடம் விட்டுவிட்டு நீ சாயங்காலமே ஒரகடத்துக்கு வேலைக்குக் கிளம்பினாய். செவ்வாய்க்கிழமை காலையில் நான் மாடியில் மீன் தொட்டித் தண்ணீரின் மேலே படிந்திருந்த கன்டெய்னர் லாரிப் புகையைப் பழைய பேப்பர் போட்டு ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு டீ கொண்டு வருகிறேன் என்று அவள் படி ஏறி வந்திருக்கிறாள். கடைசிப் படியில் டம்ளர் உருண்டது. திரும்பிப் பார்த்தால் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே சரிகிறாள். நான் ஓடிப்போய்த் தாங்கியதால் வயிறு தரையில் படவில்லை. உன் அப்பாவும் நானும் சேர்ந்து நிழலில் படுக்க வைத்தோம். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். ரத்தம் ஓடுகிற அடையாளமே இல்லை, காகிதமாய் வெளுத்திருந்தது. நகமும் அப்படியே. ஆஸ்பத்திரி நோட்டை எடுக்கலாம் என்று அவள் பையைத் திறந்தேன். சேலைக்கு அடியில் மாத்திரை அட்டைகள். ஒன்று இரண்டு இல்லை, ஒரு கட்டு. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை.

"இன்னாமா இது? ஒண்ணுகூட பிரிக்காம அப்டியே கீது?" என்று கேட்டேன்.

"அவரு தான் வாணாம்னாரு அத்தே" என்றாள். "அத்தப் போட்டா வெளிக்கி கருப்பா போவுதுல்ல? அதக் கேட்டுட்டு பயந்துட்டாரு. கொழந்த கருப்பா பொறந்துடும்னாரு."

"நீ இன்னா சொன்னே?"

"நான் இன்னா சொல்றது அத்தே. அவரு அவ்ளோ ஆசையா கீறாரு."

கேட்டாயா? நீ ஆசையாக இருக்கிறாயாம். அதனால் அவள் பேசவில்லையாம். உங்கள் வீட்டுப் பக்கத்து டாக்டர் மாதா மாதம் ரத்தம் குறைகிறது என்று சொன்னபோதெல்லாம், "மாத்திரை போட்டுகினுதான் கீறேன் டாக்டர்" என்று பொய் சொல்லியிருக்கிறாள். உன் பேர் கெடக் கூடாது என்று. பொய் சொல்லத் தெரியாத பெண் அவள். பெரம்பூரில் அவளைப் பெண் கேட்கப் போனபோது, "எனுக்கு சமைக்க வராது, கத்துக்கறேன்" என்று எங்கள் முகத்துக்கு நேரே சொன்னவள். அவளைப் பொய் சொல்ல வைத்துவிட்டாயே பாவி.

அப்புறம் உனக்குப் போன் போட்டேன். நான் கத்தினேன், ஒத்துக்கொள்கிறேன். நீ அதைவிட அதிகமாகக் கத்தினாய். நீ சொன்னதை நான் ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன், பார்த்துக்கொள். "அம்மா, சும்மா கூவாத. மாதுளம்பழம் வாங்கிக் குடுக்கறேன், குங்குமப்பூ வாங்கிக் குடுக்கறேன், இதுக்கு மேல இன்னா பண்ணணும்? நீ மட்டும் எறா தலைய அரச்சிப் போட்டு மீனுக்குக் கலர் ஏத்துனேல்ல? தீனில கலர் வரும்னு எனுக்குச் சொல்லிக் குடுத்ததே நீதான். மீனுக்கு வந்தா மன்சனுக்கு வராதா?" கட்.

கட் ஆன போனிலேயே உன்னை மறுபடி திட்டினேன். கோபத்தால் மட்டும் இல்லை. என் மாடி, என் தொட்டி, என் பன்னிரண்டு வருஷத்து உழைப்பு, அதை எடுத்து என் மருமகளைப் பட்டினி போட நியாயமாகக் காட்டுகிறாயே என்று. கோல்டு ஃபிஷ் வளர்ப்பதைப் பற்றி எனக்கே பாடம் எடுக்க வந்துவிட்டாய். சரி, எடுத்ததுதான் எடுத்தாய், அரைகுறையாக எடுத்தாயே. பாதிப் பாடத்தோடு எழுந்து போனவன் நீ. மீதிப் பாதியை இப்போது உட்கார்ந்து கேள்.

நம் தொட்டியில் முட்டை பொரிந்து வருகிற குஞ்சு எல்லாம் ஒரே நிறம்தான். அழுக்கு நிறம். ஒராண்டா வகையாக இருந்தாலும் சரி, ரான்சு வகையாக இருந்தாலும் சரி, முதல் இரண்டு மாதம் அது பித்தளையைப் புளி போடாமல் விட்ட நிறத்தில்தான் திரியும். அந்த இரண்டு மாதம் நான் நிறத்தைப் பற்றி நினைத்ததே கிடையாது. அப்போது உடம்பு மட்டும்தான் கணக்கு. முதல் வாரம் அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் வைத்துப் பிழிந்து, ஊசி முனை அளவுக்கு. அப்புறம் பச்சைத் தண்ணீரில் வளர்த்த தண்ணிப் பூச்சி. அதற்கப்புறம் புழு, அதையும் கத்தரியால் பொடியாக நறுக்கி. ஒரே நேரத்தில் அள்ளிக் கொட்டினால் வயிறு உப்பி மல்லாந்து மிதக்கும். அதனால் ஒரு நாளைக்கு ஆறு தடவை, கொஞ்சம் கொஞ்சம். தண்ணீர் முழங்கையளவு ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. நீந்தி நீந்தி மெலிந்துவிட்டால் உடம்பு உருண்டு வராது. முதுகு வளைவு, வயிறு, வால் விரிப்பு, தலையில் காலிஃபிளவர் மாதிரிச் சதை, எல்லாம் அந்த இரண்டு மாதத்துச் சாப்பாட்டில்தான் இருக்கிறது. அப்போது சத்துக் குறைந்த மீனுக்கு அப்புறம் தங்கத்தை அரைத்துப் போட்டாலும் ஒல்லிப் பிச்சானாகத்தான் நிற்கும். இது உனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தொட்டிச் சுவரில் மோவாயை வைத்துக்கொண்டு, "அம்மா, இதுக்கு தொப்ப வந்துட்ச்சு" என்று கூப்பிட்டுக் காட்டினவன் நீதானே?

எறாத் தலைக்கு வருகிறேன். ஆமாம், போட்டேன். காசிமேட்டில் இறால் உரிக்கிற பெண்களிடம் தலையும் ஓடும் வாங்கி வந்து, அவித்து, மாடியில் காய வைத்து, தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு திட்ட, மிக்ஸியில் அரைத்துத் தீனியில் கலந்து போட்டேன். நிறம் வந்தது. எந்த மீனுக்கு வந்தது? சிவப்பு ஏற்கெனவே உள்ள மீனுக்கு வந்தது. அதுவும் மங்கலாக இருந்தது கொஞ்சம் பளிச்சென்று ஆனது, அவ்வளவுதான். வெள்ளை மீனுக்கும் அதே தொட்டியில் அதே தீனிதான் போட்டேன். அது வெள்ளையாகவே இருந்தது. பிளாக் மூர், அந்த முண்டக் கண்ணுக் கருப்பு மீன், அதுவும் அதைத்தான் தின்றது. கருப்பாகவே இருந்தது. நம் ஊர் வெயிலுக்கு அதன் கருப்பு வெளிறிவிடக் கூடாதே என்று நான் தொட்டிக்குப் பச்சை வலை கட்டிக்கொண்டு அல்லாடினது உனக்கு மறந்துபோச்சா? அந்தக் கருப்புக்காகத்தானே கலர் மீன் சந்தை இருக்கிற கொளத்தூரிலிருந்தே ஆட்கள் தேடி வந்தார்கள்? வயிற்றுக்குள் எழுதி வந்த நிறத்தைத் தீனி மாற்றாது. துலக்கும், மாற்றாது. பன்னிரண்டு வருஷம் அதே தொட்டியடியில் வளர்ந்தவனுக்கு இந்த ஒரு வரி ஏறவில்லை என்றால் நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

இன்னொன்றும் கேள். என் தொட்டியில் நான் பயந்த ஒரே நிறம் வெளுப்பு. ஒரு மீன் காலையில் மங்கி வெளிறி மூலையில் நின்றால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. தண்ணீர் சரியில்லை, சத்து இல்லை, நோய் வருகிறது என்று அர்த்தம். நான் இத்தனை வருஷம் பாடுபட்டது நிறம் ஏற்றுவதற்கு, வெளுக்க வைப்பதற்கு இல்லை. நீ என் வித்தையை அப்படியே தலைகீழாகத் திருப்பி, ஒரு கர்ப்பிணிப் பெண்ணை வெளுக்க வைத்திருக்கிறாய். அதில் நன்றாகத்தான் ஜெயித்திருக்கிறாய். வந்து பார், உதடுகூட வெளுத்துக் கிடக்கிறது.

நேற்று வார்டில் டாக்டரம்மா ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு என்னைத்தான் முதலில் முறைத்தார். மாமியார்தானே, நான்தான் ஏதோ செய்திருப்பேன் என்று நினைத்திருப்பார். "ஹீமோகுளோபின் ஏழரைதான் இருக்கு. பதினொண்ணுக்குக் குறையக் கூடாது. பிரசவத்துல சாதாரணமா போற ரத்தம் போனாலே இவங்க தாங்க மாட்டாங்க. இவ்வளவு நாள் என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டார். அமலா மெதுவாக, "குங்குமப்பூ பால்" என்றாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த புளியந்தோப்புப் பெண்தான், "எனுக்கும் வூட்ல அத்தத்தான் குடுத்தாங்க, நான் சிங்க்ல ஊத்திட்டேன்" என்றாள். எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

பேரீச்சம்பழம் வேண்டாம், கருப்பு. கருப்புத் திராட்சை வேண்டாம். கேழ்வரகு வேண்டாம். போன மாதம் நான் விடியற்காலையில் கறிக்கடையில் நின்று ஆட்டு மண்ணீரல், அதான் சுவரொட்டி, வாங்கி, மிளகு போட்டு வறுத்து, உன் அப்பாவிடம் டப்பாவில் கொடுத்து அனுப்பினேனே, ரத்தம் ஊறட்டும் என்று, அது என்ன ஆனது? "அவரு சாப்டுட்டாரு அத்தே, கருப்பா கீதுன்னு என்கைல குடுக்கல" என்கிறாள். நீ தின்றிருக்கிறாய்! வெட்கமாக இல்லையா உனக்கு? நீ கருப்பாகிவிட மாட்டாயோ? அது சரி, அந்த மாத்திரையைப் பிரித்தாவது பார்த்தாயா? மாத்திரை நல்ல சிவப்பு. உன் புத்திப்படி பார்த்தால்கூட அதைத் தின்றால் பிள்ளை சிவப்பாகத்தானே பிறக்க வேண்டும்? உன் மூடத்தனத்திலாவது ஒரு ஒழுங்கு இருக்கக் கூடாதா?

உன் அப்பா வெளியே வராண்டாவில் இருக்கிறார். ஆண்களை உள்ளே விட மாட்டார்கள். துறைமுகத்தில் கிரேன் மேலே ஏறி உட்கார்ந்து எத்தனையோ பார்த்த மனுஷன், காலையிலிருந்து எலுமிச்சம்பழம் வாங்கி வந்து வாட்ச்மேனிடம் கொடுத்து அனுப்பிக்கொண்டே இருக்கிறார். மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு சாப்பிட்டால் உடம்பில் நன்றாக ஒட்டும் என்று நர்ஸ் சொன்னாராம். பதினாறு பழம் ஆகிவிட்டது. "போதும்யா" என்று போய்ச் சொன்னேன். "உன் புள்ளய நெனச்சாத்தான் பேஜாரா கீது" என்றார். அவருக்குக் கோபம் வந்தால் நீ என் பிள்ளை. அது பழைய வழக்கம். ஆனால் இந்தத் தடவை அவர் சொன்னது சரி. இந்த விஷயத்தில் நீ என் பிள்ளைதான். அதைத்தான் இனிமேல் எழுத வேண்டும், அதனால்தான் பேனாவைக் கொஞ்ச நேரம் மூடி வைத்திருந்தேன்.

கொண்டை டீச்சரை உனக்கு நினைவிருக்கிறதா? நீதான் அந்தப் பேர் வைத்தாய். முழுச் சிவப்பு ஒராண்டா, தலைச் சதை பின்னால் கொண்டை போட்டது மாதிரி உயர்ந்திருக்கும், யாரையோ அதட்டப் போகிறவள் மாதிரி நீந்துவாள். நம் மாடியில் பாதி மீன் அவள் பெற்றது. நீ டிப்ளமோ இரண்டாம் வருஷம் படித்தபோது எனக்கு ஒரு ஆசை பிடித்தது. குஞ்சுகளுக்கு நிறம் சீக்கிரம் திரும்பினால் நன்றாக இருக்குமே என்று. பொரிந்து வந்த பிறகு எறாத் தலை போடுகிறோமே, அம்மா மீனுக்கே போட்டுவிட்டால் முட்டையிலேயே நிறம் இறங்கிவிடாதா என்று யோசித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, நானே யோசித்தேன். கார்த்திகை முழுக்க, மார்கழி பாதி வரைக்கும் அவளைத் தனித் தொட்டியில் விட்டு, புழுவை நிறுத்திவிட்டேன். வேறு எதுவும் இல்லை. வெறும் எறாத் தலைத் தூள், கோதுமை மாவில் உருட்டி. அவள் சிவந்தாள். வெயிலில் பார்த்தால் கண் கூசும், அப்படிச் சிவந்தாள். நான் பூரித்துப் போய் வருகிறவர் போகிறவரை எல்லாம் மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். முதுகு ஒடுங்கிக்கொண்டே வந்ததை நான் பார்க்கவில்லை, நிறத்தை மட்டும்தான் பார்த்தேன்.

மார்கழிக் குளிரில் முட்டை விட்டாள். எப்போதும் நைலான் நார் முழுக்க ஜவ்வரிசி ஒட்டின மாதிரி இருக்கும். அந்தத் தடவை அங்கங்கே. இரண்டாம் நாளே பாதிக்கு மேல் பூஞ்சை பிடித்தது. பொரிந்ததில் நிறைய குஞ்சுக்கு முதுகு கோணல். பிழைத்த கொஞ்சமும் அதே அழுக்கு நிறம். மற்ற வருஷத்துக் குஞ்சுகளைவிட ஒரு நாள்கூட முன்னால் நிறம் திரும்பவில்லை. கொண்டை டீச்சர் தொட்டியின் அடியில் போய் உட்கார்ந்தவள் மேலே வரவில்லை. கல்லுப்பு போட்டேன், தண்ணீர் மாற்றினேன், புழுவைக் கொண்டுபோய் வாயருகே விட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. நான்காம் நாள் போய்விட்டாள். செத்த பிறகும் அந்தச் சிவப்பு அப்படியே இருந்தது. நீ கறிவேப்பிலைத் தொட்டியில் மண்ணைத் தோண்டி அவளைப் புதைத்துவிட்டு, கையைக் கழுவாமல் வந்து என் முன்னால் நின்றாய். "அம்மா, கலருக்கோசரம் நீ அத்தப் பட்னி போட்டு சாவடிச்சிட்டே" என்றாய். நான் உன்னை அடிக்கக் கை ஓங்கினேன். ஆனால் நீ சொன்னது உண்மை. இன்றுவரை நான் உன்னிடம் அதை ஒத்துக்கொண்டதில்லை. இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

மீனுக்கு நியாயம் கேட்ட அந்தப் பையன் எங்கே போனான்? உன் வாயால் நீ சொன்ன வார்த்தையை உனக்கே திருப்பிச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரமாகும்? சொல்லலாம்தான். அமலா நல்லபடியாகப் பிழைத்து எழுந்து நடமாடட்டும் என்பதால் வாயை அடக்கிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பையன் எங்கே போனான் என்று கேட்டேனே, அதற்கும் எனக்குப் பதில் தெரியும். மூன்றாம் வகுப்பில் உன்னை 'டாம்பரு டப்பா' என்று கூப்பிட்டார்கள், தார் நிறமாம். நீ வீட்டுக்கு வந்து, "நான் ஏம்மா இப்டி கீறேன்?" என்று கேட்டாய். அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்தப் பிள்ளைகளின் காதைத் திருகியிருக்க வேண்டும். உனக்கு ஒரு குறையும் இல்லை என்று உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? பவுடர் டப்பா வாங்கினேன். கடலை மாவு போட்டுத் தேய்த்தேன், நீ எரியுது எரியுது என்று கத்தக் கத்த. சர்ச்சில் நீ முதன்முதலாகப் புது நன்மை அப்பம் வாங்கின அன்று வெள்ளைக் கோட்டு போட்டு ஸ்டூடியோவில் போட்டோ எடுத்தோமே, அந்த ஸ்டூடியோக்காரரிடம், "முகத்த கொஞ்சம் வெளுப்பா போட்டுக் குடுங்க" என்று சொன்னதும் நான்தான். அந்தப் போட்டோவில் யாரோ ஒரு பிள்ளை மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நம் ஹாலில் வருஷக்கணக்காக நின்றான். நீ தினமும் அவனைப் பார்த்துக்கொண்டுதான் தலை வாரினாய். இப்படி இருந்திருந்தால் அம்மாவுக்குப் பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே வளர்ந்திருப்பாய். உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். திட்டு பாதி வழியில் என் பக்கம் திரும்பிவிட்டது. அதற்காக உனக்குத் தள்ளுபடி உண்டு என்று நினைக்காதே. எனக்குக் கோபம் குறையவே இல்லை, இரண்டு பேர் மேலும் இருக்கிறது.

உன் அப்பா கருப்பு. நான் கருப்பு. நீ கருப்பு. கம்பெனி பஸ் நிறுத்தத்தில் பார்த்து, ஆறு மாதம் பின்னால் சுற்றி, "இவளத்தான் கட்டுவேன்" என்று என்னிடம் வந்து நின்றாயே, அந்த அமலாவும் கருப்பு. அன்றைக்கு உனக்கு அவள் நிறம் கண்ணில் படவில்லை. படாததில் எனக்கு உன்மேல் எவ்வளவு பெருமை தெரியுமா, நான் செய்த கெடுதல் இவனிடம் ஒட்டவில்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன். அவளிடம் பிடித்துப்போன நிறம் அவள் பெறப் போகிற பிள்ளையிடம் ஏன் கசக்கிறது? அவள் இதை உன்னிடம் கேட்க மாட்டாள். ஆனால் யோசிக்காமல் இருப்பாளா? இன்று காலையில் ஊசி குத்தும்போது என்னிடம் கேட்டாள்: "அத்தே, புள்ள என்ன மாதிரியே பொறந்துட்டா அவருக்குப் புடிக்காதா?" தலையைத் தடவிக் கொடுத்தேன். அதற்குப் பதில் நீ சொல்ல வேண்டியது.

இன்னும் இரண்டு பாட்டில் ஏற்ற வேண்டுமாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். அப்புறம் பிரசவம் வரை மாத்திரை, கீரை, சுவரொட்டி, முட்டை. அதை நான் பார்த்துக்கொள்வேன். ஆறு வேளை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு கொடுப்பது எனக்குப் பழகின வேலை. குழந்தைக்கு இப்போதைக்குப் பயமில்லை, ஆனால் எடை குறைவு என்று ஸ்கேனில் சொல்கிறார்கள். பிரசவத்துக்குள் ரத்தம் ஏறியாக வேண்டும். ஏறும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை, "பார்க்கலாம்" என்றுதான் சொன்னார். அந்தப் 'பார்க்கலாம்' என்ற வார்த்தையில்தான் நாங்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறோம். சனிக்கிழமை உனக்கு லீவு. காலையிலேயே வந்துவிடு. என்னிடம் மன்னிப்புக் கேட்காதே, எனக்கு அதற்கு நேரமில்லை. வார்டு வாசலில் பார்வையாளர் நேரத்தில் அவளை உட்கார வைக்கிறேன். நீ உன் கையால் அந்த மாத்திரையைப் பிரித்து அவளிடம் கொடு. அவள் கேட்ட கேள்விக்குப் பதிலை உன் வாயால் சொல். குங்குமப்பூ டப்பாவை எடுத்து வராதே.

இந்தக் கடிதத்தை உன் அப்பா கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் படிக்க மாட்டார், உன்னிடம்தான் கொடுப்பார். படித்தாலும் பரவாயில்லை, இனி நான் எழுதப் போவது அவருக்குத் தெரிந்ததுதான். இந்த உலகத்தில் அவருக்கு மட்டும்தான் தெரியும். அதை அவர் ஒரு சண்டையில்கூடச் சொல்லிக் காட்டினதில்லை.

நீ பிறந்த அன்று நர்ஸ் உன்னைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். நீ வெளுப்பாக இருந்தாய். பிறந்த பிள்ளை எல்லாம் அப்படித்தான் இருக்கும். காது மடலைப் பார்த்தால்தான் நிஜ நிறம் தெரியும், அந்த நிறம்தான் பிறகு உடம்பெல்லாம் பரவும் என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். நான் உன் விரலை எண்ணவில்லை. உன் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. உன் காதைத்தான் மடக்கிப் பார்த்தேன். கருப்பாக இருந்தது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நீ பாலுக்கு அழுதாய். எனக்குக் கேட்டது. கேட்டும் அப்படியே படுத்துக் கிடந்தேன், ராஜா. எவ்வளவு நேரம் என்று தெரியாது. உள்ளே விடக் கூடாத இடத்துக்கு உன் அப்பா சண்டை போட்டு நுழைந்து வந்து, உன்னைத் தூக்கி, என் தோளைப் பிடித்துத் திருப்பினார். "கொழந்த பசிக்கி அழுவுது" என்று மட்டும் சொன்னார்.

நம் வீட்டுக்கு வரப்போகிற பிள்ளை பிறந்ததும் அதன் காதை நான் தொட மாட்டேன். நீயும் தொடாதே. பசிக்கிறதா என்று மட்டும் பார்.

அம்மா